மேகமில்லாத மாதம்

அத்தியாயம் பன்னிரண்டு

விடிந்ததும் அப்துல் வாஹித் மொட்டைமாடிக்கு ஏறிக் கிழக்கே பார்த்தார். மேகமலை அடியிலிருந்து முடிவரைக்கும் தெரிந்தது. ஒரு பிசிறு மேகம் இல்லை. யாரோ இரவெல்லாம் கழுவித் துடைத்து வைத்தது மாதிரி மடிப்பு மடிப்பாக நின்றது.

இதுதான் நாள் என்று நினைத்துக்கொண்டார். இந்த ஒரு நாளுக்காகத்தான் ஆனியிலிருந்து அவர் காத்திருந்தார்.

ஆனி மாதம் மதுரையில், கண் டாக்டரம்மா அவரையும் அவர் மனைவி ஜன்னத்துல் பிர்தௌசையும் மகள் சமீனாவையும் சேர்த்து உட்காரவைத்து ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். கண்ணின் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது. போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பது எவ்வளவு காலம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிர்தௌஸ் அழவில்லை. கேள்வி கேட்கவில்லை. திரும்பி வரும்போது பேருந்து வீரபாண்டியைத் தாண்டும்வரை வாயே திறக்கவில்லை. அப்புறம்தான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்தபடி சொன்னாள்.

"மேகமலைக்கு ஒருக்கா போய்ட்டு வரணுங்க. கண்ணு இருக்கும்போதே."

கம்பத்தில் பிறந்து கம்பத்திலேயே வாக்கப்பட்டவள். வாசலைத் திறந்தால் அந்த மலைதான். இத்தனை வயதுக்கு ஒருநாளும் அதில் ஏறியதில்லை. ஏற நேரம் இருந்ததில்லை. அவர்களுடைய திராட்சைத் தோட்டம் அப்படி.

மற்ற ஊர்களில் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு. இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. எந்த மாதத்தில் கவாத்து வெட்டினாலும் கொடி துளிர்த்துப் பூத்துக் காய்த்துவிடும். வாஹித் தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, மாதம் மாற்றி மாற்றிக் கவாத்து வெட்டினார். ஒரு பந்தலில் பூ இருக்கும்போது அடுத்ததில் பிஞ்சு, அதற்கடுத்ததில் பழம். வருடம் முழுக்க அறுப்பு. அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. பருவம் என்பது வானத்திலிருந்து வருவதில்லை, நம் கையில் இருக்கும் கத்தரியிலிருந்து வருகிறது என்று அவர் நம்பினார். எப்போது வேண்டுமோ அப்போது வரவழைத்துக்கொள்ளலாம்.

மனைவியின் பயணத்தையும் அந்தக் கணக்கில்தான் வைத்தார். கடைசியாகப் பார்க்கப்போகிறவள். அரைகுறையாகப் பார்க்கக் கூடாது. நல்ல மாதமாகப் பார்த்துக் கூட்டிப் போகவேண்டும்.

கீழே, அடுப்படிப் பக்கமிருந்து அந்தக் குரல் கேட்டது. மேகமலைச் சாலையில் வண்டி ஓட்டிப் போன ஒரு பையன் எடுத்துப் போட்டிருந்த வீடியோ. ஆறேழு மாதமாக வீட்டில் அது ஓடாத நாள் இல்லை.

"அடுத்து வர்ற வளைவுக்குப் பேரு காந்தள்... ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூ பேரு வச்சிருக்காங்க பாருங்க மக்களே..."

வாஹித் இறங்கி வந்தார். பிர்தௌஸ் மணையில் உட்கார்ந்து அவித்த முட்டைக்கு ஓடு உரித்துக்கொண்டிருந்தாள். கைப்பேசி மடியில் கவிழ்ந்து கிடந்தது. குரல் மட்டும் வந்தது.

"இன்னைக்கி நேர்லயே பாக்கப்போறோமே, இன்னும் என்னத்துக்கு அது?"

"சும்மா கெடக்கட்டுங்க" என்றாள். முட்டையைத் தடவி, ஒட்டியிருந்த ஓட்டுத் துணுக்கு ஒன்றை எடுத்தாள். "வழி பழகிக்கிறேன்."

அவர் சிரித்தார்.

வாசலில் சமீனா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பழம் வெட்டும் கத்தரியோடு நின்றாள். இன்று கீழப்பந்தலில் அறுப்பு. பழம் ஏற்றிப்போகக் கோட்டயத்து வண்டி மதியம் வந்துவிடும். யாராவது ஒருவர் தோட்டத்தில் நின்றாகவேண்டும்.

"அத்தா, இங்கன கொஞ்சம் வாங்க."

வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனாள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவனைப் பற்றிக் குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள்.

"அல்தாப்பு நேத்தும் பேசுனாக. ரூம் பாத்தாச்சு, அடுத்த வெள்ளிக்கிழம டிக்கெட்டும் போட்டாச்சு, இனிமே மாத்துனா எங்க வீட்டுல என்ன நெனப்பாகன்னு கேக்குறாக."

"போ தாயி. போகத்தான செய்யணும். கட்டிக் குடுத்து வருசம் ஒண்ணாச்சு."

"அம்மாவ இப்படியே விட்டுட்டா?"

"நான் இல்லையா?"

"நீங்க பந்தலுக்குள்ள போனா சோத்துக்குக்கூட வெளிய வர மாட்டீக." அவள் கத்தரியைத் திறந்து மூடினாள். "அம்மாவுக்கு இப்ப எம்புட்டுத் தெரியுதுன்னு எனக்குப் புரியல அத்தா. கேட்டா எல்லாம் தெரியுதுங்குது. வீட்டுக்குள்ள கண்டுபிடிக்க முடியல. அதுக்கு இந்த வீடு மனப்பாடம். நீங்க மலையில வச்சுப் பாருங்க. அது முன்னப்பின்ன போகாத எடம். அங்கன எது தெரியுது, எது தெரியலன்னு பாத்துட்டு வந்து எங்கிட்ட நெசத்தச் சொல்லுங்க. தெரியுதுன்னா பிளேன் ஏறுறேன். தெரியலன்னா அல்தாப்பு என்ன சொன்னாலும் சரி, நான் எங்கயும் போகல."

"அல்தாப்பு சும்மா விடுவாகளா?"

"விடாட்டி விடட்டும்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அவளுடைய பிடிவாதம் அவருக்குத் தெரியும். அது அவருடைய பிடிவாதம்தான்.

"சொல்றேன்" என்றார்.

---

சின்னச்சாமியின் கார் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. சின்னமனூர்க்காரர். இருபது வருடமாக அந்த மலைக்கு ஆள் ஏற்றுகிறவர். வாஹித் ஒவ்வொரு மாதமும் அவருக்குத்தான் போன் போட்டு வானம் எப்படியிருக்கிறது என்று விசாரித்தார்.

"ஏறுங்க ராவுத்தரே. ஒருவழியா நாளு குறிச்சிட்டீக. பொண்ணு பாக்கப் போறவுகளே இம்புட்டு நாளு பாக்க மாட்டாக."

பிர்தௌஸ் சிரித்தாள். "என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கே வாசல்ல நின்னு கொடியத்தான் பாத்தாக அண்ணே. அப்புறந்தான் மூஞ்சியப் பாத்தாக."

"கொடி நல்லாருந்துச்சுல்ல" என்றார் வாஹித்.

"கேட்டீகளா அண்ணே!"

வண்டி உத்தமபாளையத்தைத் தாண்டியது. இரண்டாம் போக நெல் பச்சை கட்டி நின்றது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பிர்தௌஸ் கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். வாஹித் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். மகள் கொடுத்த வேலை. அவள் பார்ப்பதை அவர் பார்க்கவேண்டும்.

"அக்கா, நான் ஆனியிலயே சொன்னேன்" என்றார் சின்னச்சாமி. "மேகம் வேணுமா, ஆனி ஆடியில வாங்க. மூஞ்சியில வந்து மோதும். அருவி வேணுமா, ஐப்பசியில வாங்க. ஆனா ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கும். ஊரு வேணுமா, தை மாசி. அதவிட்டாப் பங்குனியில காட்டுத் தீன்னு ஃபாரஸ்ட் கேட்ட மூடிப்புடுவாக. இதுல எது வேணுமுன்னு ராவுத்தருதான் முடிவு பண்ணனும்னேன்."

"ஊருதான் வேணும்னு நாந்தான் சொன்னேன்" என்றார் வாஹித். "மேல நின்னு பாத்தா நம்ம பள்ளத்தாக்கு மொத்தமும் தெரியணும். பொறந்து வளந்த எடம் பூராத்தையும் ஒரே பார்வையில பாத்துப்புடணும் அவ."

பிர்தௌஸ் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

ஆனியில் கேட்டபோது, மேகம் மறைக்கும், ஒன்றும் தெரியாது என்று தள்ளிப்போட்டார். ஆவணியில், காற்று நிற்கட்டும் என்றார். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியில் ஐயப்பன் கோயிலுக்குப் போகிற வண்டிகள் கம்பத்து ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. காலையெல்லாம் பனி மூட்டம். ஒவ்வொன்றுக்கும் காரணம் சரியாகத்தான் இருந்தது. இன்றைக்கும் எந்தக் காரணத்தையும் அவரால் தப்பென்று சொல்ல முடியாது.

தென்பழனியில் வனத்துறைச் சாவடி. பெயர் எழுதிக்கொண்டு விட்டார்கள். வண்டி ஏறத் தொடங்கியது.

முதல் வளைவில் திரும்பினார்கள். வண்டி ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"வாகை" என்றாள் பிர்தௌஸ்.

வாஹித் திரும்பிப் பார்த்தார். வளைவின் ஓரத்தில் பச்சைப் பலகை. வாகை என்றுதான் எழுதியிருந்தது.

ஓடுகிற வண்டியிலிருந்து ஓரத்துப் பலகையை வாசிக்கிறாளே. டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்? கண்ணில் விட்ட சொட்டு மருந்து வேலை செய்திருக்கிறது.

அடுத்த வளைவில் மறுபடி சாய்ந்தது. "இது காந்தள்" என்றாள். காந்தள்தான்.

"அக்காவுக்கு என்னையவிடக் கண்ணு தீர்க்கம்" என்றார் சின்னச்சாமி. "எனக்குப் பலகையில இருக்கிற எழுத்தெல்லாம் கொசு மொய்ச்ச மாதிரி இருக்கு."

"கண்ணாடி போடுங்கண்ணே. எங்க உசிருல்ல ஒங்க கையில இருக்கு."

மூவரும் சிரித்தார்கள். வேங்கை வந்தது. தும்பை வந்தது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. வாஹித் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். சாயங்காலம் மகளிடம் நிமிர்ந்து நின்று சொல்லலாம். போய்ட்டு வா தாயி. ஒங்கம்மா பலகைய வாசிக்கிறா.

மேலும் சில வளைவுகள் போனபின் வண்டி மறுபடியும் சாய்ந்தது.

"அனிச்சம்" என்றாள்.

ஓரத்தில் பலகை இல்லை. போன மழையில் ஒரு மரம் விழுந்து அடித்திருக்கவேண்டும். முறிந்த இரண்டு இரும்புக்கால்கள் மட்டும் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

சின்னச்சாமி சிரித்தபடி வாயைத் திறந்தார். வாஹித் பின்னாலிருந்து கையை நீட்டி அவர் தோளில் வைத்தார். கண்ணாடியில் இரண்டு பேர் கண்களும் சந்தித்தன. சின்னச்சாமி வாயை மூடிக்கொண்டார்.

வரிசை ஞாபகம் இருக்கும், அவ்வளவுதான் என்று வாஹித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தினமும் அந்த வீடியோவைப் பார்க்கிறாள். பார்த்தது பதிந்திருக்கும்.

ஆனால் கவிழ்ந்து கிடந்த கைப்பேசி ஞாபகத்துக்கு வந்தது. நேற்றும் அது கவிழ்ந்துதான் கிடந்தது. அதற்கு முந்தைய நாள்? யோசித்துப் பார்த்தார். அவள் அதை முகத்துக்கு நேரே பிடித்து அவர் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று தெரியவில்லை.

இன்னொன்றும் இப்போதுதான் உறைத்தது. அவள் எந்தப் பெயரையும் வண்டி சாயும் முன்பு சொல்லவில்லை.

---

மேலே, தேயிலைத் தோட்டங்கள் தொடங்குவதற்கு முன்னால், வண்டியை ஓரம் கட்டினார் சின்னச்சாமி. "இங்கன நின்னாத்தான் நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவர்களைத் தனியே விட்டு எங்கோ நடந்து போனார்.

வாஹித் மனைவியின் கையைப் பிடித்துத் தடுப்புக்கம்பி வரைக்கும் கூட்டிப் போனார்.

பள்ளத்தாக்கு முழுதும் கீழே விரிந்து கிடந்தது. அவர் நினைத்ததைவிடச் சுத்தமாக. வயல்களும் தென்னந்தோப்புகளும் பந்தல்களும், நடுவே முல்லையாற்றின் மினுக்கமும். அந்தப் பக்கம் கேரளத்து மலைச்சுவர். சின்னமனூர்க் கோபுரம் விரல்நகம் அளவுக்கு. தெற்கே கம்பம். அவருடைய பந்தல்கள் இருக்கும் பச்சைத் துண்டைக்கூட அவரால் குத்துமதிப்பாகச் சொல்லமுடிந்தது. எட்டு மாதமாகத் தேடிய மாதம் இதுதான். தப்பில்லாமல் தேர்ந்தெடுத்திருந்தார்.

அவள் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று முக்காட்டை அடித்தது.

அவர் கேட்கவேண்டாம் என்றுதான் இருந்தார். மகளுக்குக் கொடுத்த வாக்கு உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

"தெரியுதா?" என்றார்.

"ம்ம்."

"என்ன தெரியுது?"

அவள் முகம் மலர்ந்தது. அவருக்காக மலர்ந்த முகம் அது.

"மேகந்தான் காலுக்குக் கீழ கெடக்கு. பஞ்ச உதறிப் போட்ட மாதிரி. எம்புட்டு வெள்ள! அங்கங்க ரெண்டு மலை மட்டும் தலய நீட்டிக்கிட்டு நிக்கிது, தீவு கணக்கா."

வாஹித் கீழே பார்த்தார். வெயில் பள்ளத்தாக்கின் அடிவரைக்கும் விழுந்திருந்தது. ஒரு மேகம் இல்லை. பள்ளத்தாக்கிலும் இல்லை, வானத்திலும் இல்லை.

அந்தப் பையன் ஆடி மாதத்தில் போய் எடுத்திருக்கிறான். பஞ்சு என்று சொன்னதும், தீவு என்று சொன்னதும் அவன்தான். அவளிடம் இருந்தது அந்தக் குரல் மட்டும்தான்.

இப்போது சொல்லிவிடலாம். ஏ பிர்தௌஸ், மேகமே இல்லையே. எப்ப இருந்து இப்படி? ஏன் எங்கிட்டச் சொல்லல? கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். அதன்பிறகு இந்த மலையில் நிற்பதற்கு இருவருக்கும் ஒன்றும் மிச்சமிருக்காது.

"ஆமா" என்றார்.

"நம்ம தோட்டம் தெரியலையேங்க?"

தெரிந்த தோட்டத்தைப் பார்த்தபடியே சொன்னார். "மேகம் மூடியிருக்கு."

"இருக்கட்டும்" என்றாள். "ஊரத்தான் தெனமும் பாத்தோமே. எனக்கு மேகம் பாக்கணும்னுதாங்க ஆச. கீழயிருந்து பாக்கறப்பல்லாம் நெனப்பேன், அது மேல நின்னு பாத்தா எப்படி இருக்கும்னு." அவள் தடவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல மாசமாத்தான் பாத்துக் கூட்டியாந்திருக்கீக."

ஆனியிலேயே வந்திருந்தால் மேகம் மறைத்திருக்கும். ஊர் தெரிந்திருக்காது. மேகம் தெரிந்திருக்கும். அவளுக்கு வேண்டியதே அதுதான். இத்தனை மாதத்தில் என்ன பார்க்க ஆசைப்படுகிறாய் என்று அவளிடம் ஒருமுறைகூட அவர் கேட்கவில்லை. வானத்தைக் கேட்டார். சின்னச்சாமியைக் கேட்டார்.

கொண்டுவந்த புளிச்சோற்றை இருவரும் அங்கேயே உட்கார்ந்து தின்றார்கள். முட்டையை அவள் இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை அவர் கையில் வைத்தாள். எது பெரிது என்று விரலால் அளந்து பார்த்துத்தான் வைத்தாள். இதையும் அவர் இன்றுதான் பார்த்தார்.

---

இறங்கும்போது அவள் பூப்பெயர் எதுவும் சொல்லவில்லை. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தார். அடிவாரம் வந்து, சாலை நேரானதும் பேசினாள்.

"சமீனாகிட்டச் சொல்லுங்க. அம்மா நல்லாப் பாத்தான்னு."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா. பொய் சொல்லத் தெரியாத ஆளுன்னு ஒங்களுக்குப் பேரு இருக்குல்ல." கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள். "சின்னஞ்சிறுசுக. இங்கன எங்கூட ஒக்காந்து என்னத்தச் செய்யப்போறா? எனக்கு வீடு பழகிருச்சு. நீங்க மட்டும் மத்தியானம் வந்து சோறு தின்னுட்டுப் போங்க. அது போதும்."

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இது ஊர் தெரிகிற மாதம் என்று வண்டியில் பேசியது அவள் காதிலும் விழுந்ததுதானே; மேகம் மூடியிருக்கிறது என்று அவர் சொன்னபோதே, தன் கண் போனது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவள் கண்டுகொண்டாள். இருவருமாகச் சேர்ந்துதான் அந்த மேகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

முன் இருக்கையில் சின்னச்சாமி மூக்கை உறிஞ்சினார். ரேடியோவைப் போட்டார். உடனே நிறுத்தினார்.

கம்பம் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வண்டியைத் தோட்டத்து வழியாகவே விடச் சொன்னார் வாஹித். கோட்டயத்து வண்டி பாரம் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. சமீனா வரப்பில் நின்று, மிச்சக் கொத்துகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பழக்கறை படிந்த கையோடு அவரை நோக்கி ஓடிவந்தாள்.

"என்னத்தா?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தைதான். நல்லாப் பாத்தா. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஒரு வார்த்தை போதாதென்று தோன்றியது.

"நல்லாப் பாத்தா தாயி. பலகையெல்லாம் ஒண்ணுவிடாம வாசிச்சா. மேல போய் நின்னா, மேகம் கால்மாட்டுல கெடந்துச்சு. பஞ்சு கணக்கா. அம்புட்டையும் பாத்துச் சொன்னா."

சமீனாவின் முகம் ஒரு கணம் தெளிந்தது. தோளிலிருந்து ஏதோ இறங்கியது மாதிரி மூச்சுவிட்டாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

அப்புறம் மெல்ல, அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

அங்கே மேகமலை நின்றது. சாயங்கால வெயில் பட்டு, ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரிந்தது. காலையில் அவர் மொட்டைமாடியிலிருந்து பார்த்த அதே சுத்தம்.

"மேகமா?" என்றாள். "காலையில இருந்து இங்கனதான் நின்னேன். நிமிர்றப்பல்லாம் அதத்தான் பாத்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லையே அத்தா."

வாஹித் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கத்துக் கொடியைப் பிடித்துக்கொண்டார்.

சமீனா கத்தரியைத் தட்டின் மேல் வைத்தாள். அவரைத் தாண்டி, வண்டி நிற்கும் பக்கம் திரும்பினாள்.

கார்க்கதவு திறந்திருந்தது. அம்மா இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை கதவைப் பிடித்திருந்தது. முகம் சிரித்தபடி, யாரும் நிற்காத திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. செருப்புப் போட்ட வலது கால் மட்டும் காற்றில் இறங்கி, அங்கேயும் இங்கேயுமாகத் தரையைத் தேடிக்கொண்டிருந்தது.